ஆலையில்லா ஊருக்கு ஆம்னி இன்ஜின்

1957-ல் லண்டனில் காலின் சாப்மன் என்கிற 29 வயது இளைஞர், ‘லோட்டஸ் செவன்’ என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் விற்க ஆரம்பித்தார். கடை எங்கே? அவருடைய அப்பா நடத்திய மதுக்கடைக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயத்தில். கார் எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சட்டப்படி அவர் விற்றது காரே கிடையாது, உதிரி பாகங்கள். இரும்புக் குழாயில் ஒரு கூடு, கொஞ்சம் அலுமினியத் தகடு, சக்கரங்கள், சாக்கு நிறைய போல்ட் நட்டு. முழுக் காராக வாங்கினால் பர்ச்சேஸ் டாக்ஸ் என்று அரசாங்கம் ஒரு பெரிய தொகையைப் பிடுங்கிக்கொள்ளும். பாகங்களாக வாங்கி நீங்களே பூட்டிக்கொண்டால் வரி இல்லை. அந்தக் காலத்து பிரிட்டனில் பாதி குமாஸ்தாக்கள் கையில் ஸ்பானரோடு திரிந்ததற்கு இதுதான் காரணம். விஞ்ஞான ஆர்வம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வரித்துறையும் லேசுப்பட்டதில்லை. “பாகங்களை விற்றுக்கொள். ஆனால் எப்படிப் பூட்டுவது என்று செய்முறை விளக்கம் எழுதித் தரக்கூடாது” என்று ஒரு நிபந்தனை வைத்தது. இனி எப்படிப் பூட்டுவான் பார்க்கலாம் என்று அதிகாரிகள் கையைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். சாப்மன் என்ன செய்தார்? காரை எப்படிப் பிரிப்பது என்று விளக்கம் எழுதிக் கொடுத்தார். வாங்கியவர் அதைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்தால் முடிந்தது வேலை. இன்றைக்கு இருந்திருந்தால் நம் ஜிஎஸ்டி ஆடிட்டர்கள் வரிசையில் நின்று அவர் காலில் விழுந்திருப்பார்கள்.

இந்த மனிதரைத்தான் மோட்டார் உலகம் மகா மேதை என்று கொண்டாடுகிறது. மேதைதான், சந்தேகமில்லை. ஆனால் மேதையின் முதல் கார் 1948-ல் காதலி ஹேசலின் வீட்டு கராஜில், ஒரு பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்துப் போட்டுச் செய்தது. 1952-ல் கம்பெனி ஆரம்பித்தபோது கைமுதல் 25 பவுண்டு. அதுவும் ஹேசல் கொடுத்த கடன். அப்புறம் அவரையே கல்யாணம் செய்துகொண்டார். கடன் அடைக்க இதைவிடச் சிக்கனமான வழி உண்டா என்ன?

சிக்கனம் அவருக்கு ரத்தத்திலேயே இருந்தது. எடையைக் குறை, இன்னும் குறை, அதற்கப்புறமும் குறை என்பதுதான் அவர் மந்திரம். லோட்டஸ் செவன் சுமார் அரை டன். உள்ளே இருந்தது ஃபோர்டு பிரிஃபெக்ட் என்கிற சாதுவான குடும்பக் காரின் 1172 சிசி இன்ஜின். 40 குதிரைசக்தி. நம் மாருதி 800-க்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் ஒரு டன்னைத் தாண்டும் அம்பாசடரை இழுக்கத் திணறுகிற சக்தி, அரை டன்னை அம்பு மாதிரி கிளப்பிவிடும். சாப்மன் கார்கள் லேசாக இருந்ததில் ஒரு சின்னச் சிக்கல், அவ்வப்போது ஏதாவது ஒன்று முறிந்தும் வந்துவிடும். ‘லோட்டஸ்’ என்பதற்கு ‘லாட்ஸ் ஆஃப் டிரபிள், யூஷுவலி சீரியஸ்’ என்று ஓனர்களே விரிவாக்கம் எழுதி வைத்திருந்தார்கள்.

இலுப்பூரில் உட்கார்ந்துகொண்டு இவனுக்கு எதற்கு லோட்டஸ் என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். புதுக்கோட்டை ஜில்லாவிலேயே ரேஸ் விட்டவர் என்றால் ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான்தான் ஞாபகத்துக்கு வருவார். அவரும் 1915-ல் மெல்போர்னில் மோலி ஃபிங்கைக் கல்யாணம் செய்துகொண்டு, சிட்னியில் குதிரை விட்டார். இங்கே எங்களுக்கு மிஞ்சியது மாட்டுவண்டிப் பந்தயம்.

ஆனால் ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்று எங்கள் ஊர் மரத்தை வைத்து ஒரு பழமொழி சொல்லிவிட்டுப் போனார்களே, இப்படிப் பாகங்களாக வாங்கிப் பூட்டுகிற கிட் காரின் மொத்தச் சரித்திரமும் அதற்குள் அடக்கம். ரேஸ் இன்ஜின் வாங்க வசதியில்லை, குடும்பக் கார் இன்ஜினை வைத்தார்கள். அதோடு விட்டிருந்தால் எல்லோரும் சௌக்கியமாக இருந்திருப்பார்கள். இந்த இலுப்பைப்பூவைத் தட்டிக் கொட்டிச் சர்க்கரையாகவே ஆக்கிக் காட்டுகிறேன் பார் என்று ஒருவன் கிளம்புகிறான் பாருங்கள், அதற்குப் பெயர்தான் ட்யூனிங்.

ட்யூனிங் செய்கிறவன் முதலில் கைவைப்பது கார்பரேட்டரில். சின்னதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெரிசாக ஒன்று, முடிந்தால் ரெண்டு. அதிகக் காற்று, அதிகப் பெட்ரோல், அதிக சக்தி. கேட்பதற்குக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கார்பரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமாகப் போனால்தான் ஜெட்டிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்பட்டுத் தூளாகும். கழுத்தை அகலப்படுத்தினால் குறைந்த ஆர்பிஎம்மில் காற்று சோம்பல் முறிக்கும், பெட்ரோல் ஏறாது. ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு விநாடி யோசித்துவிட்டு அப்புறம் குதிக்கும். பாதிச் சம்பளத்தைச் செலவழித்து அவர் வாங்கியது அந்த ஒரு விநாடி யோசனையைத்தான்.

அடுத்தது கேம்ஷாஃப்ட். வால்வுகளை ரொம்ப நேரம் திறந்து வைக்கிற ‘ரேஸ் கேம்’. ஐந்தாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல் பிரமாதமாக இழுக்கும். அதற்குக் கீழே, ஐடிலிங்கில் தடக் தடக்கென்று உடம்பெல்லாம் உதறும், சிக்னலில் நின்றால் அணைந்துபோகும். பக்கத்து வீட்டுக்காரர் “வண்டிக்கு ஒடம்பு சரியில்லையா?” என்பார். ஓனருக்கோ பெருமை தாங்காது. அந்த உதறலைக் கேட்க வைப்பதற்கென்றே தெருவை நாலு சுற்றுச் சுற்றுவார்.

இப்படி எல்லாம் மாட்டியாகிவிட்டது. வண்டி இழுக்கவில்லை. இங்கேதான் நாடகம் சூடு பிடிக்கிறது. பெரிய மனிதர்கள் பெரிய சாமானைத்தான் சந்தேகப்படுவார்கள். பிஸ்டன் போச்சு, வால்வு போச்சு, ஹெட்டே கோணல் என்பார்கள். ஒயர், டியூப், கேபிள் போன்ற ஏழை பாழைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

ஆக்ஸிலேட்டர் கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக் காரில் அதன் நீளத்தைத் தீர்மானிக்க ஒரு டிராயிங் ஆபீஸே உண்டு. வீட்டில் பூட்டிய காரில் அதைத் தீர்மானிப்பது ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் பசி. விளைவு, பெடல் தரையைத் தொடும், கார்பரேட்டரில் தட்டு முக்கால்தான் திறக்கும். உதவிக்கு ஒரு ஆளைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தால் அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆனால் அப்படிப் பார்த்தால் கௌரவம் என்னாவது? ஹெட்டைக் கழற்றினால்தானே தெருவில் கூட்டம் கூடும்!

பெட்ரோல் டேங்க்கைப் பாருங்கள். வண்டி பத்து நிமிஷம் பறக்கும், அப்புறம் மூச்சுத் திணறி நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். காயில் சூடாகிறது என்று புதுக் காயில் வாங்குவார்கள். பம்ப் வாங்குவார்கள். கடைசியில் பார்த்தால் டேங்க் மூடியில் காற்றுப் போகிற ஓட்டை பெயின்ட்டில் அடைபட்டிருக்கும். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று நுழைய வழியில்லாமல், பம்ப்பால் உறிஞ்ச முடியாமல் போயிருக்கும். அந்தப் பெயின்ட்டை மூடி அழகாக இருக்கட்டும் என்று ரெண்டு கோட் அடித்தவர் வேறு யாரோ இல்லை.

ஃபைபர் பாடி போட்ட கார் என்றால் இன்னொரு வேடிக்கை. சாதாரணக் காரில் தகர உடம்பே எர்த். எந்த ஒயரையும் உடம்பில் ஒரு இடத்தில் திருகினால் போதும், கரன்ட் வீடு திரும்பிவிடும். ஃபைபரில் கரன்ட் போகாது. ஒவ்வொன்றுக்கும் தனியாக எர்த் ஒயர் இழுக்க வேண்டும். இழுத்த ஒயரில் ஒன்று லூசாக இருந்தால் இண்டிகேட்டர் போட்டால் இன்ஜின் மிஸ் அடிக்கும், பிரேக் பிடித்தால் டெம்பரேச்சர் முள் ஏறும். பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள், கார்பரேட்டர் கோளாறில் முக்கால்வாசி எலெக்ட்ரிக் கோளாறு என்று. அதைக் கேட்ட பிறகும் கையில் ஸ்க்ரூடிரைவரோடு கார்பரேட்டரையே முறைத்துக்கொண்டு நிற்பவரைத்தான் ‘எக்ஸ்பர்ட்’ என்கிறோம்.

இத்தனைக்கும் இன்ஜின் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் இருக்கும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கறுப்பு மசி அப்பியிருந்தால் பெட்ரோல் ஜாஸ்தி. வெளுத்துப்போயிருந்தால் காற்று ஜாஸ்தி. பிஸ்கட் நிறத்தில் இருந்தால் மூடிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று என்பது பாடப்புத்தகம். நல்ல இழுவை வேண்டுமென்றால் 13-க்குக் கொஞ்சம் கீழே. புகையும் பேசும். நீலப் புகை என்றால் ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கிறது. விடாமல் வெள்ளைப் புகை வந்தால் ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர். கறுப்பு என்றால் மறுபடி பெட்ரோல்தான். எங்களுக்குப் பக்கத்து விராலிமலை முருகனுக்குச் சுருட்டுப் படைப்பது வழக்கம். அந்தப் புகை பிரசாதம். சைலன்சரில் வந்தால் பெட்ரோல் பங்க்காரருக்குப் படையல்.

எங்கள் ஊர் சித்திரை வெயில் தனி ரகம். லேசான காரில் எல்லாவற்றையும் நெருக்கி வைத்திருப்பார்கள், எக்ஸாஸ்ட் பைப்புக்கு ஒரு சாண் தள்ளிப் பெட்ரோல் பம்ப். பெட்ரோல் குழாயிலேயே கொதித்து ஆவியாகிவிடும். வண்டி நடுரோட்டில் நிற்கும். வெள்ளைக்காரர் இதற்கு ஹீட் ஷீல்டு, இன்சுலேட்டர் என்று புத்தகம் எழுதினார். நம் ஆட்கள் அம்பாசடர் காலத்திலேயே வேட்டித் துண்டை நனைத்துப் பம்ப்பின் மேல் போட்டுவிட்டு மரத்தடியில் வெற்றிலை போட்டார்கள். வெற்றிலை தீர்வதற்குள் வண்டி ரெடி.

நம் ஆட்களைச் சாதாரணமாக எடை போடாதீர்கள். 1912-ல் மதுரையில் பஸ் விட்ட டி.வி. சுந்தரம் ஐயங்காரின் கம்பெனி, ரெண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனதும் கரி கேஸ் பிளான்ட் செய்து பஸ்ஸின் முதுகில் கட்டியது. அடுப்புக் கரியைக் கொஞ்சமே காற்று விட்டு எரித்தால் ஒரு வாயு வரும், அதில் இன்ஜின் ஓடும். சர்க்கரையும் இல்லை, இலுப்பைப்பூவும் இல்லை, மரத்தையே எரித்துக் குடித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்! கேஸ் மெதுவாக எரியும் என்பதால் டைமிங்கை முன்னால் தள்ளி வைக்க வேண்டும். அப்படியும் மூன்றில் ஒரு பங்கு சக்தி காணாமல் போய்விடும். காலையில் கிளீனர் ஊதுகாற்றாடியைச் சுற்றிச் சுற்றி அடுப்பை மூட்டுவார். மேட்டில் திணறினால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். டிக்கெட் எடுத்தவரே குதிரைசக்தியாகவும் வேலை பார்த்தது மோட்டார் சரித்திரத்தில் அபூர்வம்.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் கொங்குநாடு என்னை மன்னிக்காது. கலங்கலில் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் போனதைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார் என்பது ஊரறிந்த கதை. வாங்கியவர் ஏறி ஓட்டினாரா? அக்கக்காகப் பிரித்துப் போட்டார். சாப்மன் புத்தகம் எழுதுவதற்குப் பல வருஷம் முன்பே, புத்தகமே இல்லாமல் பிரித்து, புத்தகமே இல்லாமல் பூட்டியும் விட்டார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ். அப்புறம் யு.எம்.எஸ். என்ற பெயரில் பெரிய பஸ் கம்பெனி. பள்ளிக்கூடத்தில் அவரைத் தேறாத பையன் என்று எழுதி வைத்த வாத்தியார்கள் அந்த பஸ்ஸில்தான் போயிருப்பார்கள்.

அந்த நாயுடு 1952-ல் ரெண்டு பேர் உட்காருகிற பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து காட்டினார். விலை 2,000 ரூபாய். வருஷத்தைக் கவனியுங்கள். லண்டனில் சாப்மன் காதலியிடம் 25 பவுண்டு வாங்கிக் கம்பெனி ஆரம்பித்த அதே வருஷம். அங்கே அரசாங்கம் வரி போட்டது, மனுஷன் சந்து கண்டுபிடித்து நுழைந்துவிட்டார். இங்கே அரசாங்கம் லைசென்ஸே தரவில்லை. கதவே இல்லாத சுவரில் நாயுடுவாலும் சந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

கார் செய்யத்தான் லைசென்ஸ் வேண்டும், இருக்கிற காரைக் கெடுக்க யாரைக் கேட்க வேண்டும்? சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பிறந்தது, ஓடுதளம் ரேஸ் டிராக் ஆனது. ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர் எல்லாம் பம்பரைக் கழற்றிவிட்டு வந்து நின்றன. வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ், பாடியைத் தனியாகக் கழற்றலாம். பிரிட்டனில் கிட் கார் ஆசாமிகள் இதன் அண்ணனான டிரையம்ப் ஹெரால்டைத்தான் தேடித் தேடி உரித்தார்கள். நம்மூரில் அதே கார் டாக்டர்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தது.

சோழவரத்து வித்தைகளில் ராஜவித்தை, ஹெட்டைச் சீவுவது. சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பை லேத்தில் கொடுத்து இழைத்தால் கம்ப்ரஷன் ஏறும், இழுவை கூடும். முதல் தடவை சீவியதில் வண்டி சிட்டாகப் பறக்கும். விடுவாரா? இன்னும் கொஞ்சம் சீவுவார். அன்றைய பெட்ரோலின் யோக்கியதைக்கு அந்த அழுத்தம் ஆகாது. ஸ்பார்க் பற்றவைத்த தீ வந்து சேர்வதற்கு முன்பே மிச்சக் கலவை தானாக வெடித்து டிங் டிங் என்று நாக்கிங் அடிக்கும். அதை அடக்க டைமிங்கைப் பின்னால் இழுப்பார்கள். டைமிங்கை இழுத்ததும், சீவியதில் வந்த இழுவை அப்படியே திரும்பிப் போய்விடும். லேத்காரருக்குக் கொடுத்த காசு மட்டும் திரும்பி வராது.

பணம் உள்ளவர்கள் இந்தக் கஷ்டமெல்லாம் படவில்லை. விஜய் மல்லையா ‘என்சைன்’ என்கிற அசல் ஃபார்முலா ஒன் காரையே சோழவரத்துக்குக் கொண்டுவந்து ஓட்டினார். ஆலை உள்ள ஊர்க்காரர், அதுவும் எந்த ஆலை என்று உங்களுக்கே தெரியும்.

இந்த இடத்தில் வருகிறார் கோவை கரிவரதன். மில் குடும்பத்துப் பிள்ளை. நினைத்திருந்தால் அவரும் வெளிநாட்டுக் கார் இறக்கியிருக்கலாம். அவருக்குப் பிடித்த பைத்தியம் வேறு. 1980-களின் கடைசியில், குழாயில் ஒரு ஒற்றை இருக்கைக் கூடு செய்து, டிரைவரின் முதுகுக்குப் பின்னால் மாருதி 800-ன் மூன்று சிலிண்டர் 796 சிசி இன்ஜினை வைத்தார். ஃபார்முலா மாருதி. பால் பாக்கெட் வாங்கவும் பிள்ளையை ஸ்கூலில் விடவும் பிறந்த இன்ஜின் அது. பார்க்க ரேஸ் கார், முதுகுக்குப் பின்னால் குடும்ப ஸ்திரீ!

ஆனால் அவர் செய்த நிஜமான குறும்பு இன்ஜினில் இல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், ஒரே மாதிரி இன்ஜின். ஹெட்டைச் சீவிய கதை, ஸ்பெஷல் கேம் கதை, மாமா லண்டனிலிருந்து கொண்டுவந்த கார்பரேட்டர் கதை எல்லாம் ஒரே அடியில் காலி. ஜெயித்தால் நீ நன்றாக ஓட்டினாய், தோற்றால் நீ ஓட்டியது சரியில்லை. ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு இதைவிடக் கொடுமையான தண்டனையை யாரும் கண்டுபிடித்ததில்லை. அதற்காகத் தோற்றவர்கள் சும்மா இருந்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்? “எல்லாம் ஒரே இன்ஜின்தான், ஆனா அவனுக்குக் குடுத்த இன்ஜின் கொஞ்சம் கூட இழுக்குது!”

இந்தக் குடும்ப இன்ஜினில்தான் நரேன் கார்த்திகேயன் முதல் ரேஸ் ஓட்டினார். 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர் ஆனார். அந்த வருஷம் அமெரிக்க கிராண்ட் ப்ரீயில் நான்காவதாகவும் வந்தார். (டயர் தகராறில் மற்றவர்கள் விலகிக்கொண்டதால் மொத்தம் ஓடியது ஆறே கார்கள். அதனாலென்ன, நாலு நாலுதான்.) கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995-ல், நாற்பதைத் தாண்டிய கையோடு, ஒரு சின்ன விமான விபத்தில் போய்விட்டார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் டிராக்குக்கு அவர் பெயர்தான்.

இனி வருவது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. சாப்மன் 1973-ல் செவனின் உரிமையைக் கேட்டர்ஹாம் என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டார். அவர்கள் இன்றைக்கும் அதே காரைச் செய்கிறார்கள், கிட்டாகவும் தருகிறார்கள். ஃபோர்டு, ரோவர் என்று ஏகப்பட்ட இன்ஜின் மாற்றிப் பார்த்துவிட்டு, 2013-ல் கடைசியாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். சின்னக் காருக்குச் சுஸுகியின் மூன்று சிலிண்டர் இன்ஜின்தான் சரி! கரிவரதன் கால் நூற்றாண்டுக்கு முன்னால் போட்ட கணக்கு. 660 சிசி, டர்போ உண்டு. 2021-ல் வந்த 170 மாடல் 440 கிலோதான், 84 குதிரைசக்தி. பின் ஆக்ஸிலும் சுஸுகியுடையது.

மூன்று சிலிண்டர் சுஸுகி இன்ஜின், பின்சக்கர இழுவை, பின்னால் முரட்டு ஆக்ஸில். எங்கேயோ கேட்ட ஜாதகமாக இல்லை? நம் மாருதி ஆம்னி! தமிழ் சினிமாவில் கதாநாயகியைக் கடத்துவதற்கென்றே செய்த வண்டி என்று நாம் கேலி செய்துகொண்டிருந்த வேனுக்குள், இத்தனை வருஷமாக ஒரு லோட்டஸ் செவன் ஸ்கூல் பிள்ளைகளையும் சமையல் பாத்திரங்களையும் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறது.

உடனே பக்கத்து வீட்டு ஆம்னியை அறுக்கக் கிளம்பிவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கம்பெனி குறித்துக் கொடுத்து ஆர்.சி. புக்கில் ஏறிய விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வானத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு ஆம்னியை ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய் நிறுத்தினால், அப்புறம் வானத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதையெல்லாம் எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரிடம் சொன்னேன். ஒரு ஆம்னியின் பிளக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“என்ன வெலைண்ணே அது?”

“கிட்டா வாங்குனாலே இருபதாயிரம் பவுண்டுக்கு மேல. நம்ம காசுக்கு இருபது லட்சத்தத் தாண்டும்.”

“கதவு?”

“கதவுன்னு ஒரு படுதா மாதிரி. அதுவும் எல்லா மாடல்லயும் கெடையாது.”

“ஏசி?”

“இல்ல.”

“மேல கூரை?”

“ரேஸ் மாடல்ல அதுவும் இல்ல.”

பிளக்கைக் கீழே வைத்துவிட்டு ஷெட்டுக்குப் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே புல் முளைத்த ஒரு பழைய ஆம்னி, கதவு இல்லாமல், சீட் இல்லாமல், பாதிக் கூரையோடு கிடந்தது.

“அண்ணே, போன வாரம் இத கெலோ இருபத்தெட்டு ரூவாய்க்குக் கேட்டுட்டுப் போனான் பழைய இரும்புக்காரன். அவன் கொஞ்சம் இருக்கட்டும்னு சொல்லிர்றேன்.”